நார்வேயா, சுவிஸா, துருக்கியா, கனடாவா: வெளியேறிய பிரிட்டனுக்கு முன் இருந்த வழிகள்

2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் மக்களிடம் கேட்டது ஒரே கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா? 51.9 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். வெளியேறி எங்கே போய் நிற்பது என்பது வாக்குச்சீட்டில் இல்லை. அதற்கு விடை தேடியே நான்கரை ஆண்டுகள் ஓடின. இடையில் இரண்டு பிரதமர்கள் பதவி விலகினார்கள், இரண்டு பொதுத்தேர்தல்கள் வந்து போயின.

வழிகளை ஒப்பிடும் முன் ஒரு அடிப்படை விஷயம். எல்லையில் ஒரு லாரியை நிறுத்த இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது தீர்வை. உள்ளே இருப்பது என்ன சரக்கு, எந்த நாட்டில் செய்தது, அதற்கு எவ்வளவு வரி என்று பார்க்க வேண்டும். இந்தத் தொல்லையை ஒழிப்பது சுங்க ஒன்றியம்: உறுப்பு நாடுகளுக்குள் தீர்வை கிடையாது, வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லோரும் ஒரே தீர்வை போடுவார்கள். இரண்டாவது தரம். இறைச்சியில் நோய் இருக்கிறதா, பொம்மையில் ஈயம் இருக்கிறதா, மருந்துக்கு அனுமதி உண்டா என்ற சோதனை. இதை ஒழிப்பது ஒற்றைச் சந்தை: எல்லோருக்கும் ஒரே விதி, சண்டை வந்தால் ஒரே நீதிமன்றம். எல்லை இருப்பதே தெரியாமல் வண்டி போக வேண்டுமென்றால் இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் லாரி நிற்கத்தான் செய்யும். நிற்பதற்கான காரணம் மட்டும் மாறும்.

இது பிடிபட்டுவிட்டால் பிரெக்சிட் என்று பெயர்பெற்ற இந்த வெளியேற்றத்தின் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். தீர்வையைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பேசினார்கள். ஆனால் துறைமுகத்தில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் இரண்டாவது காரணம்தான்.

2017 டிசம்பரில் ஒன்றியத்தின் தலைமைப் பேச்சுவார்த்தையாளர் மிஷேல் பார்னியே, உறுப்பு நாடுகளின் தலைவர்கள் முன் ஒரு படிக்கட்டுப் படத்தை வைத்தார். உச்சிப் படியில் முழு உறுப்பினர். அதற்குக் கீழே நார்வே, சுவிட்சர்லாந்து, உக்ரைன், துருக்கி, கனடாவும் தென்கொரியாவும். கடைசியில் ஒப்பந்தமே இல்லாத நிலை. பிரிட்டனே போட்டுக்கொண்ட நிபந்தனைகள் ஒவ்வொன்றும் அதை ஒரு படி கீழே இறக்குவதாகப் படம் காட்டியது. ஆட்களின் தடையற்ற வருகை வேண்டாமா? நார்வேயும் சுவிஸும் போச்சு. ஐரோப்பிய நீதிமன்றத்தின் கை நீளக் கூடாதா? உக்ரைன் படியும் போச்சு. மற்ற நாடுகளோடு சொந்தமாக வணிக ஒப்பந்தம் போட வேண்டுமா? துருக்கி போச்சு. மிஞ்சியது கனடா. படம் கொஞ்சம் குறும்புதான், ஆனால் பொய் இல்லை. அந்த நிபந்தனைகளை 2017 ஜனவரி 17 அன்று லங்காஸ்டர் ஹவுஸ் உரையில் அப்போதைய பிரதமர் தெரசா மேதான் அறிவித்திருந்தார். பேச்சுவார்த்தை தொடங்கும் முன்பே, எதிராளி கேட்காமலே.

என் நிலைப்பாட்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 52க்கு 48 என்று பிளந்த ஒரு நாட்டுக்கு நார்வே வழிதான் பொருத்தமாக இருந்திருக்கும். பிரிட்டன் எடுத்தது கனடா வழி. இப்போது சத்தமில்லாமல் நகர்ந்து கொண்டிருப்பது சுவிஸ் வழியில்.

நார்வே: வீட்டுக்குள் இடம், கூட்டத்தில் இடமில்லை

நார்வே மக்கள் 1972இலும் 1994இலும் ஒன்றியத்தில் சேர்வதை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். ஆனால் 1994 தொடக்கத்திலிருந்தே ஐஸ்லாந்தோடும், 1995இல் சேர்ந்த லிக்டென்ஸ்டைனோடும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி என்ற ஏற்பாட்டின் வழியாக நார்வே ஒற்றைச் சந்தைக்குள் இருக்கிறது. சரக்கு, சேவை, முதலீடு, ஆட்கள் நான்கும் தடையில்லாமல் போய் வரலாம். லண்டனின் வங்கிகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வெளியே கிடையாது.

விலை என்ன? ஒன்றியம் போடும் சந்தை விதிகளை நார்வே தன் சட்டத்தில் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவை முடிவாகும் மேசையில் அதற்கு வாக்கு இல்லை. இதை ‘ஃபேக்ஸ் ஜனநாயகம்’ என்று நார்வேக்காரர்களே கேலி செய்வதுண்டு, பிரஸ்ஸல்ஸிலிருந்து சட்டம் ஃபேக்ஸில் வருகிறது என்று. பணமும் கட்ட வேண்டும். மறுபக்கம், விவசாயக் கொள்கையும் மீன்வளக் கொள்கையும் இதில் சேராது. தன் கடல் தன் கையில். வழக்குகளை ஐரோப்பிய நீதிமன்றம் நேரடியாகப் பார்ப்பதில்லை. தனியாக ஒரு நீதிமன்றம் இருக்கிறது.

மீன் சேராததற்கும் ஒரு விலை உண்டு. நார்வேயின் பச்சை சால்மன் மீன் ஒன்றியத்துக்குள் 2 சதவீதத் தீர்வையோடு போகிறது. அதையே புகைபோட்டுப் பதப்படுத்தி அனுப்பினால் 13 சதவீதம். அதனால் நார்வேக் கடலில் வளர்ந்த மீனைப் பதப்படுத்தும் வேலையில் பெரும்பகுதி போலந்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டது. கடலைக் காப்பாற்றினார்கள், வேலை கைநழுவியது.

அடுத்து எல்லை. நார்வே ஒற்றைச் சந்தையில் உண்டு, சுங்க ஒன்றியத்தில் இல்லை. ஆகவே ஸ்வீடனுடன் 1,600 கிலோமீட்டர் நீளும் எல்லையில் சுங்கச் சாவடிகள் இருக்கின்றன. கார்கள் நிற்காமல் போகும், கடைக்குப் போகிறவர்கள் கவலைப்படுவதில்லை. சரக்கு லாரி மட்டும் ஸ்வினேசுண்ட் போன்ற குறிப்பிட்ட இடங்களில் காகிதம் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இத்தனைக்கும் 1959லேயே இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்திருக்கின்றன: ஒரு நாட்டின் சுங்க அதிகாரி மறுநாட்டின் வேலையையும் சேர்த்துப் பார்ப்பார், லாரி இரண்டு முறை நிற்க வேண்டியதில்லை. சாவடி இல்லாத சின்னச் சாலைகளில் வண்டி எண்ணைப் படிக்கும் கேமராக்கள் உண்டு. உலகத்தில் மிகச் சுமுகமான சுங்க எல்லைகளில் ஒன்று என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனாலும் சாவடி சாவடிதான். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அயர்லாந்துக்கு வரும்போது தேவைப்படும்.

பிரிட்டனில் இதை எதிர்த்தவர்கள் சொன்ன முதல் காரணம் குடியேற்றம். வெளியேறுவோம் என்று வாக்களித்தவர்களில் பலருக்கு அதுதான் மையப் பிரச்சினை என்பதை மறுக்க முடியாது. நெருக்கடி வந்தால் சில கடமைகளைத் தற்காலிகமாக நிறுத்த அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. குட்டி நாடான லிக்டென்ஸ்டைன் குடியேறுவோர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கிறது. பிரிட்டன் அளவுள்ள நாட்டுக்கு அந்தச் சலுகை கிடைத்திருக்குமா என்பது வேறு. இன்னொரு சிக்கல், நார்வேக்கும் இதில் உற்சாகமில்லை. 55 லட்சம் பேர் உள்ள நாடு, தான் நிம்மதியாக இருக்கும் ஏற்பாட்டுக்குள் ஏழு கோடியை நெருங்கும் ஒரு நாட்டை, அதுவும் ‘கொஞ்ச நாள் மட்டும் இருந்துவிட்டுப் போகிறோம்’ என்று சொல்லிக்கொண்டு வருகிற நாட்டை, ஏன் வரவேற்க வேண்டும்?

இதெல்லாம் சரி. ஆனாலும் பாதிக்குப் பாதியாக வந்த தீர்ப்புக்கு, அரசியல் ஒன்றியத்தை விட்டு வந்து சந்தையில் மட்டும் தங்குவது நியாயமான நடுவழி. அதை 2016 கோடையில் யாராவது தைரியமாக முன்வைத்திருந்தால் நாடாளுமன்றத்தில் எண்ணிக்கை கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு. 2019 ஏப்ரலில் அதே யோசனை சுங்க ஒன்றியத்தையும் சேர்த்துக்கொண்டு வாக்கெடுப்புக்கு வந்தபோது 261க்கு 282 என்று தோற்றது. அதற்குள் இரு பக்கமும் கெட்டிப்பட்டுவிட்டது.

சுவிட்சர்லாந்து: துண்டு துண்டாக

சுவிஸ் மக்கள் 1992 டிசம்பரில் நார்வே ஏற்பாட்டை 50.3 சதவீதத்தில் நிராகரித்தார்கள். பிறகு ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாகப் பேசி இன்று நூறுக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் இருக்கின்றன. சரக்கின் தரத்துக்கு ஒன்று, விமானத்துக்கு ஒன்று, சாலைப் போக்குவரத்துக்கு ஒன்று, ஆட்களின் வருகைக்கு ஒன்று. நிதிச் சேவைக்கு மட்டும் முழு நுழைவு கிடையாது.

வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்ததுபோலத் தெரியும். ஆனால் 1999இல் கையெழுத்தான முதல் ஏழு ஒப்பந்தங்களும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை: ஒன்றை ரத்து செய்தால் ஏழும் விழும். 2014 பிப்ரவரியில் குடியேற்றத்துக்கு வரம்பு வேண்டும் என்று சுவிஸ் மக்கள் வாக்களித்தபோது இந்தக் கயிறு இறுகியது. கடைசியில் சுவிஸ் நாடாளுமன்றம் அந்தத் தீர்ப்பை நீர்க்கச் செய்துதான் தப்பித்தது. பிரெக்சிட் வாக்கெடுப்புக்குச் சில மாதம் கழித்து நடந்த இந்த விஷயத்தை லண்டனில் யாரும் சரியாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒன்றியத்துக்கு இந்த ஏற்பாடு பிடிக்காது. ஒன்றிய விதி மாறும்போது சுவிஸ் விதி தானாக மாறுவதில்லை, பொதுவான தீர்ப்பு மன்றமும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர நடந்த பேச்சை 2021 மே மாதம் சுவிஸ் அரசு முறித்துக்கொண்டது. அதே நாள் முதல் சுவிஸ் மருத்துவக் கருவிகளுக்கு இருந்த பரஸ்பர அங்கீகாரம் காலாவதியானது. நேற்று வரை சொந்தச் சந்தையாக இருந்த இடத்தில் இன்று வெளிநாட்டுச் சரக்கு. மறுபடி பேசி, 2024 டிசம்பரில்தான் புதிய தொகுப்புக்கு இணக்கம் வந்தது.

இந்த வழியின் நல்ல பக்கம் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுவிஸும் ஒன்றியமும் கால்நடை, இறைச்சி, பால் விஷயத்தில் ஒரே பகுதியாக நடந்துகொள்கின்றன. 2009 முதல் அந்த எல்லையில் கால்நடை மருத்துவச் சோதனை கிடையாது. சுங்கக் காகிதம் உண்டு, ஆனால் பாலாடைக்கட்டிப் பெட்டியைத் திறந்து பார்க்கும் வேலை இல்லை. பிரிட்டன் இன்று தேடி ஓடுவது இதைத்தான்.

துருக்கி: அதிகம் பேசி, குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்ட வழி

1995 கடைசி நாளிலிருந்து துருக்கிக்கும் ஒன்றியத்துக்கும் இடையே சுங்க ஒன்றியம் இருக்கிறது. தொழிற்சாலைப் பொருள்களுக்குத் தீர்வை இல்லை. விவசாயமும் சேவையும் இதில் சேராது. ஆட்கள் தடையின்றி வந்து போகவும் வழியில்லை.

அப்படியானால் பல்கேரிய எல்லையில் கபிகுலே சாவடிக்கு முன்னால் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் ஏன் வரிசையில் நிற்கின்றன? தீர்வை இல்லை என்பதை நிரூபிக்கவே ஒரு சான்றிதழ் வேண்டும். போக்குவரத்து இந்த ஏற்பாட்டில் சேரவில்லை என்பதால் ஒவ்வொரு நாட்டின் வழியாகப் போகவும் லாரிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. ஓட்டுநருக்கு விசா வேண்டும். சுங்க ஒன்றியம் இருந்தால் எல்லை மறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் அந்த வரிசையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இதைவிட உறுத்துவது இன்னொன்று. வெளிநாட்டுச் சரக்குக்கு ஒன்றியம் வைக்கும் அதே தீர்வையைத் தொழிற்பொருள்களுக்குத் துருக்கியும் வைக்க வேண்டும். ஒன்றியம் மெக்சிகோவுடன் ஒப்பந்தம் போட்டால், மெக்சிகோச் சரக்கு தீர்வையில்லாமல் ஐரோப்பாவுக்குள் வந்து அங்கிருந்து துருக்கிக்குள் போய்விடலாம். துருக்கிச் சரக்குக்கு மெக்சிகோவில் அந்தச் சலுகை தானாகக் கிடைக்காது. துருக்கி தனியாகப் போய்ப் பேச வேண்டும், ஏற்கெனவே வேண்டியது கிடைத்துவிட்ட நாடு அவசரப்படாது. பேச்சு மேசையில் இல்லாமல் அதன் முடிவுக்கு மட்டும் கட்டுப்படுவது நார்வேக்கும் உண்டு. ஆனால் நார்வேக்குப் பதிலுக்குக் கிடைப்பது முழுச் சந்தை. துருக்கிக்குக் கிடைப்பது அதில் ஒரு பகுதி.

பிரிட்டனில் தொழிற்கட்சி கேட்டது ‘நிரந்தர சுங்க ஒன்றியம்’, அதோடு புதிய ஒப்பந்தங்களில் தனக்கும் ஒரு குரல். அந்தக் குரலை ஒன்றியம் யாருக்கும் கொடுத்ததில்லை. ஆனாலும் நாடாளுமன்றத்தில் வெற்றிக்கு மிக அருகில் வந்த யோசனை இதுதான். 2019 ஏப்ரல் 1 அன்று மூத்த கன்சர்வேட்டிவ் தலைவர் கென் கிளார்க் கொண்டுவந்த தீர்மானம் 273க்கு 276 என்று தோற்றது. மூன்றே வாக்கு. கார் தொழிற்சாலைகளுக்கு அது பெரிய உதவியாக இருந்திருக்கும். ஒரு காரின் பாகங்கள் ஆங்கிலக் கால்வாயைப் பலமுறை கடக்கின்றன, ஒவ்வொரு முறையும் ‘இது எந்த நாட்டுச் சரக்கு’ என்று நிரூபிக்கும் வேலை இருந்திருக்காது. உணவுக்கும் லண்டனின் சேவைத் துறைக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

கனடா: கிடைத்தது

கனடாவும் ஒன்றியமும் 2009இல் பேசத் தொடங்கி 2016 அக்டோபரில் கையெழுத்திட்டன. அதுவும் கடைசி நேரத்தில் பெல்ஜியத்தின் வல்லோனியா மாகாணம் முரண்டுபிடித்து, சமாதானப்படுத்திய பிறகு. ஏழு ஆண்டுக் கதை. பிரிட்டன் தனக்கான ஒப்பந்தத்தை 2020 டிசம்பர் 24 அன்று, பழைய விதிகளே தொடர்ந்த இடைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது எட்டியது. இவ்வளவு சீக்கிரம் முடிந்ததற்குக் காரணம் எளிது: இரு பக்கமும் ஒரே விதிகளோடு தொடங்கி, விலகுவதைப் பற்றித்தான் பேசின.

தாளில் பார்த்தால் கனடாவைவிட நல்ல ஒப்பந்தம். எந்தச் சரக்குக்கும் தீர்வை இல்லை, அளவு வரம்பும் இல்லை. நடைமுறையில் ‘பிரிட்டனில் செய்த சரக்குக்கு’ என்று சேர்த்துப் படிக்க வேண்டும். 2021 ஜனவரியிலேயே இது வெளிப்பட்டது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் விற்கும் பெர்சி பிக் மிட்டாய் ஜெர்மனியில் செய்வது. அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்து கிடங்கில் வைத்து, அங்கிருந்து அயர்லாந்துக் கடைக்கு அனுப்பினால் தீர்வை வரக்கூடும். ஐரோப்பாவில் செய்த மிட்டாய், ஐரோப்பாவுக்கே திரும்பப் போகிறது. இடையில் பிரிட்டனில் அதற்கு ஒன்றும் செய்யவில்லை, ஆகவே அது பிரிட்டன் சரக்கும் ஆகாது.

உணவில் நிலைமை மோசம். ஒன்றியம் வெளிநாடுகளிலிருந்து உறைய வைக்காத சாசேஜையும் கொத்திறைச்சியையும் அனுமதிப்பதில்லை. பிரிட்டன் இப்போது வெளிநாடு. அனுமதி உள்ள இறைச்சிக்கும் ஒவ்வொரு சரக்குக்கும் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட நலச் சான்றிதழ் வேண்டும், முன்கூட்டித் தகவல் கொடுக்க வேண்டும், குறிப்பிட்ட சாவடி வழியாகத்தான் நுழைய வேண்டும். பெரிய நிறுவனம் ஒரே பொருளை லாரி நிறைய ஏற்றி அனுப்பினால் ஒரு சான்றிதழோடு சமாளித்துவிடும். சிறு வியாபாரிகள் பலர் ஒரே லாரியில் பங்கு போட்டு அனுப்பும்போதுதான் தொல்லை. இருபது பேரின் சரக்கில் ஒருவரின் காகிதத்தில் பிழை இருந்தால் மொத்த வண்டியும் நிற்கும். அதனால் பிழை செய்யாத பத்தொன்பது பேரின் மீனும் கெடும். ஸ்காட்லாந்தின் விதை உருளைக்கிழங்குக்கு ஒன்றியத்தின் கதவே மூடிவிட்டது. சுத்திகரிக்க வேண்டிய நீரில் வளர்ந்த உயிர்ச் சிப்பிகளுக்கும் அப்படித்தான்.

பிரிட்டன் தன் பக்கச் சோதனைகளைப் பலமுறை தள்ளிப்போட்டது. உள்ளே வரும் உணவை நேரில் சோதிப்பது 2024 ஏப்ரல் 30 அன்றுதான் தொடங்கியது. அதுவும் டோவர் துறைமுகத்தில் இடமில்லாமல் 22 மைல் உள்ளே செவிங்டனில். சுயாட்சி வேண்டும் என்று வெளியே வந்த நாடு, தன் எல்லையைக் காக்க மூன்று ஆண்டு தயங்கியது. சோதித்தால் விலை ஏறும் என்ற பயம்தான்.

பொருளாதாரத்தில் சுமார் எண்பது சதவீதம் சேவைத் துறை. ஒப்பந்தத்தில் அதற்குக் கிடைத்தது சொற்பம். கடைசி இரவு வரை இழுபறி நடந்தது எதற்கு என்றால், பொருளாதாரத்தில் ஒரு சதவீதம்கூட இல்லாத மீனுக்கு. இதனால் எவ்வளவு நட்டம்? பிரிட்டனின் வரவு செலவைக் கணிக்கும் சுயேச்சையான அமைப்பு, ஒன்றியத்திலேயே இருந்திருந்தால் வரக்கூடியதைவிட நாட்டின் உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறைவாக இருக்கும் என்ற கணிப்பை வைத்துக்கொண்டிருக்கிறது.

ஒப்பந்தமே இல்லாத கடைசிப் படியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உலக வணிக அமைப்பின் பொது விதிப்படி காருக்கு 10 சதவீதத் தீர்வை, ஆட்டிறைச்சிக்கு வேல்ஸ் விவசாயிகள் தாங்க முடியாத தீர்வை. மேக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜான்சன் இதை ‘ஆஸ்திரேலியா மாதிரி’ என்று அழகாகப் பெயர் வைத்து விற்கப் பார்த்தார். அப்போது ஆஸ்திரேலியாவுக்கு ஒன்றியத்தோடு வணிக ஒப்பந்தமே கிடையாது.

அயர்லாந்து: எல்லா வழியும் முட்டி நின்ற இடம்

இதுவரை பார்த்ததெல்லாம் பணக் கணக்கு. பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்துக்கும், ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை ஓடுகிறது; அதைக் கடக்கும் சாலைகள் இருநூறுக்கும் மேல். கிளோன்ஸ் ஊரிலிருந்து காவன் போகும் சாலை பத்துக் கிலோமீட்டருக்குள் நான்கு முறை எல்லையைத் தாண்டுகிறது. பெட்டிகோ என்ற கிராமத்தின் நடுவே ஓடும் ஆறுதான் எல்லை. வட அயர்லாந்தில் கறக்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தெற்கே போய்ப் பதப்படுத்தப்படுகிறது. வட அயர்லாந்தின் நீண்ட வன்முறைக்கு முடிவுகட்ட 1998 ஏப்ரல் 10இல் கையெழுத்தான பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தத்துக்குப் பின் ராணுவக் காவல் கோபுரங்கள் இறங்கின. சுங்கச் சாவடிகள் 1993இல் ஒற்றைச் சந்தை வந்தபோதே போய்விட்டன. அந்த இடத்தில் ஒரு கேமராக் கம்பம் நட்டாலும் அது யாருக்கோ இலக்கு ஆகும் என்ற பயம் வெறும் கற்பனை இல்லை.

இப்போது ஸ்வினேசுண்டை நினைத்துப் பாருங்கள். அறுபது ஆண்டு நட்பும் கேமராக்களும் சேர்ந்தும் அங்கே சாவடி இருக்கிறது. எனவே நார்வே வழிகூட அயர்லாந்துக்குப் போதாது, சுங்க ஒன்றியமும் சேர வேண்டும். துருக்கி வழியும் போதாது, ஒற்றைச் சந்தையும் சேர வேண்டும்.

மூன்று தீர்வுகள் முன்வந்தன. தொழில்நுட்பம் பார்த்துக்கொள்ளும் என்றது முதலாவது: முன்கூட்டிய கணினிப் பதிவு, நம்பகமான வணிகர் பட்டியல், எல்லையிலிருந்து தள்ளி எங்கோ சோதனை. இதனால் வணிகர்களுக்கு ஆண்டுக்கு 1,700 முதல் 2,000 கோடி பவுண்டு வரை செலவாகலாம் என்று 2018 மே மாதம் சுங்கத் துறையின் தலைவரே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். அப்படி ஓர் எல்லை உலகில் எங்கும் இயங்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தெரசா மேயின் ‘பேக்ஸ்டாப்’. வேறு வழி கிடைக்கும் வரை பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்தோடு ஒரே சுங்கப் பகுதியாக இருக்கும், வட அயர்லாந்து மட்டும் கூடுதலாகச் சரக்குத் தர விதிகளையும் பின்பற்றும். பிரிட்டன் தன்னிச்சையாக வெளியே வர முடியாது. 2019 ஜனவரி 15 அன்று இது 202க்கு 432 என்று தோற்றது. நவீன காலத்தில் எந்த பிரிட்டிஷ் அரசும் அப்படித் தோற்றதில்லை. மூன்று முறை கொண்டுவந்தும் நிறைவேறவில்லை. திரும்பிப் பார்க்கும்போது, அயர்லாந்துப் பிரச்சினையில் நேர்மையான விடை அதுதான் என்று எனக்குப் படுகிறது. எல்லோருக்கும் கொஞ்சம் கசந்தது, யாரையும் தனியாகக் கைவிடவில்லை.

மூன்றாவது ஜான்சனுடையது: எல்லையைக் கடலுக்குள் தள்ளுவது. வட அயர்லாந்து சரக்கு விஷயத்தில் ஒன்றிய விதிகளுக்குள் இருக்கும். லிவர்பூலிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குப் போகும் பெட்டிக்குச் சோதனை. எந்த கன்சர்வேட்டிவ் அரசும் இப்படி ஒன்றுக்குக் கையெழுத்திட முடியாது என்று 2018 நவம்பரில் பெல்ஃபாஸ்டில், வட அயர்லாந்து பிரிட்டனோடே இருக்க வேண்டும் என்கிற ஜனநாயக ஒன்றியவாதக் கட்சியின் மாநாட்டில் பேசியவரும் அதே ஜான்சன்தான். ஓராண்டு ஆகவில்லை, சம்மதித்துவிட்டார். பிறகு நடந்தது தெரிந்ததே: சாசேஜ் சண்டை, சலுகைக் காலத்தை நீட்டிக்கொண்டே போனது, 2022 பிப்ரவரியிலிருந்து அந்தக் கட்சியின் புறக்கணிப்பால் இரண்டு ஆண்டு இயங்காத வட அயர்லாந்தின் ஸ்டோர்மன்ட் அரசு.

2023 பிப்ரவரி 27 அன்று அப்போதைய பிரதமர் ரிஷி சுனக்கும் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா வான் டெர் லேயனும் அறிவித்த விண்ட்சர் ஏற்பாடு இந்தக் கடல் எல்லையை மெலிதாக்கியது. வட அயர்லாந்திலேயே தங்கும் சரக்குக்குப் பச்சைப் பாதை, தெற்கே போகக்கூடியதற்குச் சிவப்புப் பாதை. பச்சைப் பாதையில் போகும் இறைச்சி, பால் பொட்டலங்களில் ‘ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல’ என்று அச்சிட்டிருக்கும். புதிய ஒன்றிய விதி ஏதாவது உறுத்தினால், குறைந்தது இரண்டு கட்சிகளைச் சேர்ந்த 30 வட அயர்லாந்துப் பேரவை உறுப்பினர்கள் சேர்ந்து நிறுத்தக் கோரலாம். மறுநாளே லிஸ்பர்னில் ஒரு தொழிற்சாலையில் நின்று சுனக் பெருமையாகச் சொன்னார்: வட அயர்லாந்துக்கு பிரிட்டன் சந்தையும் உண்டு, ஐரோப்பியச் சந்தையும் உண்டு, உலகில் யாருக்கும் இல்லாத வாய்ப்பு என்று. 2020 வரை அது லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் சேர்ந்தே இருந்த வாய்ப்பு. அவருக்கு அது தெரியாமலா இருக்கும்?

குறை சொன்னாலும், இயங்குகிற ஏற்பாடு இதுதான். 2024 டிசம்பரில் வட அயர்லாந்துப் பேரவை இதைத் தொடர 48க்கு 36 என்று வாக்களித்தது. ஒன்றியவாதக் கட்சிகள் எதிர்த்தே வாக்களித்தன.

இப்போது நகரும் திசை

2025 மே 19 அன்று லண்டனில் நடந்த உச்சி மாநாட்டில் பிரிட்டனும் ஒன்றியமும் உணவு, கால்நடை, தாவரங்களுக்கான பொதுப் பகுதி ஒன்றை உருவாக்க ஒப்புக்கொண்டன. அதற்கான நிபந்தனைகளைப் பாருங்கள். ஒன்றிய விதி மாறினால் பிரிட்டன் விதியும் கூடவே மாறும். அந்த விதியின் பொருள் என்ன என்பதில் கடைசி வார்த்தை ஐரோப்பிய நீதிமன்றத்துடையது. பணமும் கட்ட வேண்டும். லங்காஸ்டர் ஹவுஸில் போட்ட நிபந்தனைக் கோடுகளில் மூன்றை, ஒரு துறைக்கு மட்டும், அழித்தாயிற்று. இதோடு சேர்த்து ஐரோப்பியப் படகுகளுக்கு 2038 வரை பிரிட்டன் கடலில் மீன்பிடி உரிமை. அப்படியே சுவிஸ் பாணி: துறை துறையாக, விலை பேசிப் பேசி.

இது நடைமுறைக்கு வந்தால் சாசேஜுக்கும் விதை உருளைக்கிழங்குக்கும் வழி திறக்கும், பெல்ஃபாஸ்டுக்குப் போகும் உணவு லாரிக்குச் சோதனை பெரும்பாலும் தேவைப்படாது. சுங்கப் பதிவு இருக்கும். ‘எந்த நாட்டுச் சரக்கு’ என்ற நிரூபணம் இருக்கும். சேவைத் துறைக்கு ஒன்றும் மாறாது.

அடுத்த படியாகச் சுங்க ஒன்றியத்துக்கே திரும்பலாம் என்ற பேச்சு தொழிற்கட்சிக்குள் அவ்வப்போது எழுகிறது. 2019இல் மூன்று வாக்கில் தோற்ற யோசனை இன்று முன்பைவிடக் கடினமாகிவிட்டது. பிரிட்டன் 2024 டிசம்பரில் பசிபிக் நாடுகளின் வணிகக் கூட்டமைப்பில் சேர்ந்துவிட்டது. 2025 ஜூலையில் இந்தியாவோடு கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி ஸ்காட்ச் விஸ்கிக்கு இருந்த 150 சதவீத இந்தியத் தீர்வை முதலில் 75 ஆகவும், பத்தாண்டில் 40 ஆகவும் குறையும். பதிலுக்கு இந்திய ஜவுளிக்கும் காலணிக்கும் பிரிட்டனில் தீர்வை நீங்கும். பொதுத் தீர்வைக்குள் போனால் இந்த வாக்குறுதிகளை அப்படியே வைத்திருக்க முடியாது, கையெழுத்திட்ட ஒவ்வொரு நாட்டோடும் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும். கார் தொழிற்சாலைகள் அதைக் கேட்கும், விஸ்கி ஆலைகள் எதிர்க்கும்.